கெர்ட்ரூட் சொன்ன விலை

அத்தியாயம் 14

வியாழக்கிழமை சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் மினி பஸ்ஸை விட்டு இறங்கும்போது டோரிஸின் தோளிலிருந்து நழுவிய பை, படியில் ஒருமுறை, தார் ரோட்டில் ஒருமுறை இடித்துக்கொண்டு விழுந்தது. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தவள், கறுத்துக் கிடந்த திரையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன வாரம் அவளை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொல்லியாக வேண்டும். டோரிஸைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் அப்பா மரியநாயகம், "மருமக சுங்கைவே பக்கம் ஒரு ஃபேக்டரியில ஆபீஸ் வேலையா இருக்கா" என்று கூசாமல் சொன்னார். தேத்தண்ணித் தட்டோடு நின்றிருந்த மருமகள் கெர்ட்ரூட் மறுத்துப் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் ஆபீஸில் இல்லை. பதினாலு வருடமாக ஃபேக்டரி லைனில் ஆபரேட்டர்.

அன்றிலிருந்து மாமனாருக்குச் சோறு போடுவாள், சட்டை தேய்த்து வைப்பாள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நடுவில் நின்று சமாதானம் செய்ய வேண்டிய அவள் புருஷன் அந்தோணியோ கெர்த்தே கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில். இன்னும் பத்து நாள் டியூட்டி.

இன்று சனிக்கிழமை.

காலை பத்து மணிக்கு அப்பாவும் மகளும் கோலாலம்பூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் கவுண்டர் முன்னால் நின்றார்கள். கவுண்டரில் இருந்த இளைஞன் நம்மவன். வெள்ளைச் சட்டை, நீல டை. லேப்டாப்பைத் திறந்தான், பட்டனை அழுத்தினான், உதட்டைப் பிதுக்கினான்.

"எல்சிடி போச்சு அங்கிள். முழு ஸ்கிரீனையும் மாத்தணும்."

"எவ்வளவு ஆகும் தம்பி?"

"ரெண்டாயிரத்து அறுநூறு ரிங்கிட். திங்கட்கிழமை காலையில வேணும்னா சிங்கப்பூர்ல இருந்து எடுக்கணும். ரஷ் சார்ஜ் இன்னொரு முந்நூறு."

டோரிஸின் ரெண்டு மாதச் சம்பளம் அது.

ரிங்கிட்டின் மதிப்பு சரிந்து கிடந்த வருடம். சுபாங் ஜெயாவில் அவள் வேலை பார்க்கும் கட்டுமானக் கம்பெனியில் போன மாதம்தான் பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் டோரிஸை நம்பி, ஷா ஆலாமில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கான டெண்டர் கணக்கைத் தயார் செய்யச் சொன்னார் மேனேஜர். இருந்த ஒரே லேப்டாப்பையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். அந்த ஆபீஸில் ஒரு பெண்ணின் கைக்கு அது வந்தது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் அதைத் திறந்து வைத்துப் பேச வேண்டும்.

மரியநாயகம் அந்த லேப்டாப்பைத் தன்னோடு பென்ஷன் வாங்கும் ரயில்வேக்காரர்கள் அத்தனை பேரிடமும் காட்டியிருந்தார். இப்போது பர்ஸை எடுத்தார்.

"அப்பா, கொஞ்சம் யோசிக்கலாம்..."

"யோசிக்க என்ன இருக்கு? உன் வேலைக்கு முன்னால ரெண்டாயிரம் என்ன காசு? முன்பணம் எவ்வளவு தம்பி?"

"ஐநூறு அங்கிள்."

கொடுத்தார். லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு ரசீதோடு வீடு திரும்பினார்கள்.

வீட்டுக்குக் கெர்ட்ரூட் திரும்பி வந்திருந்தாள். காப்பாரில் இருக்கும் அவள் அம்மாவுக்கு வியாழக்கிழமை கிள்ளான் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன். ரெண்டு நாள் லீவு போட்டுக் கூடவே இருந்துவிட்டு, சற்று முன்னால்தான் தம்பியின் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கியிருந்தாள். லேப்டாப் விழுந்த செய்தியே அவளுக்குத் தெரியாது. குசினியில் டோரிஸ் விக்கி விக்கிச் சொன்னதை முழுதாகக் கேட்டாள்.

"ஸ்கிரீன் எப்படி இருந்துச்சு டோரிஸ்? கண்ணாடியில கீறல் இருந்துச்சா? மை கொட்டின மாதிரி திட்டுத் திட்டா இருந்துச்சா?"

"இல்ல அண்ணி. வெறும் கறுப்பு. ஒண்ணுமே தெரியல."

"ஒண்ணுமேவா? நல்லா யோசிச்சுச் சொல்லு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தியா?"

டோரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து ஜன்னல்கிட்ட வச்சிருந்தேன். ஒரு பக்கமா பாத்தப்ப கோடு கோடா ஏதோ நிழல் மாதிரி. நான் போட்ட டேபிள் மாதிரியே இருந்துச்சு. என் மனசுதான் அப்படிக் காட்டுதுன்னு நெனச்சேன்."

கெர்ட்ரூட் அடுப்பை அணைத்தாள்.

"மனசு இல்ல. ஸ்கிரீன் உயிரோடதான் இருக்கு. அதுக்குப் பின்னால எரியற டியூப்புதான் செத்துப்போச்சு."

முன்கூடத்தில் மரியநாயகம் சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். கெர்ட்ரூட் அவர் முன்னால் வந்து நின்றாள். ஆறு நாள் கழித்து அவளாக வாய் திறந்தாள்.

"மாமா, காரை எடுங்க. கடைக்குப் போகணும்."

"எதுக்கும்மா? அந்தப் பையன் பாத்துட்டான். படிச்சவன்."

"அவரு இன்னிக்கு ஒண்ணு பாத்திருப்பாரு. நான் ஒரு ஷிஃப்டுக்கு எண்பது ஸ்கிரீன் பாக்கறேன் மாமா."

மரியநாயகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் வேலையைப் பற்றி அந்த வீட்டில் இத்தனை நேராக ஒரு வார்த்தை வந்து விழுந்ததில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதே, "ஃபேக்டரி பஸ்ஸுல ஏறி ராத்திரி ஷிஃப்ட் போற பொண்ணா?" என்று முகம் சுளித்தவர் அவர். அந்தோணி பிடிவாதம் பிடித்துக் கட்டிக்கொண்டான். அதன்பிறகு அவர் சுளிக்கவில்லை. மறைத்தார்.

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

* * *

கடையில் லேப்டாப் இன்னும் கவுண்டரிலேயே இருந்தது. கெர்ட்ரூட் ஹேண்ட்பேக்கிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தாள்.

"தம்பி, அதைக் கொஞ்சம் ஆன் பண்ணுங்க."

"ஆன்டி, நான்தான் செக் பண்ணிட்டேனே."

"பண்ணினீங்க. நானும் ஒரு தடவை பாத்துக்கறேன்."

லேப்டாப் உயிர்பெற்று முனகியது. திரை கறுப்பாகவே இருந்தது. கெர்ட்ரூட் டார்ச்சைத் திரையின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தாள். கறுப்புக்குள் டோரிஸின் கட்டங்கள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. டார்ச்சை நகர்த்த நகர்த்த, சிமெண்ட், செங்கல், இரும்புக் கம்பி என்று வரிசையாக எழுத்துகள் வந்து போயின.

"அண்ணி! அது என் ஷீட்டுதான்!"

பக்கத்துக் கவுண்டரில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"படம் வருது தம்பி. பேக்லைட் டியூப் மட்டும்தான் போயிருக்கு. அதை மாத்தினா போதும்."

இளைஞனின் காது சிவந்தது. "நாங்க டியூப் மாத்தறது இல்ல ஆன்டி. முழு ஸ்கிரீனாத்தான் மாத்துவோம். டியூப் கழட்டற ஆளு இங்க யாரும் இல்ல. நீங்க டெக்னிஷியனா?"

மரியநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இல்ல. ஆபரேட்டர்" என்றாள் கெர்ட்ரூட். "சுங்கைவேல. இந்த மாதிரி ஸ்கிரீனுக்கு லைட் போடற லைன்ல."

குரலில் தாழ்வும் இல்லை, உயர்வும் இல்லை. பஸ் நம்பர் சொல்வதுபோல் சொன்னாள்.

முன்பணத்தைத் திருப்பித் தருவதற்கு இளைஞன் உள்ளே போய் முதலாளியைக் கேட்டு வந்தான். ஐம்பது ரிங்கிட் பிடித்துக்கொள்வார்களாம்.

"எதுக்கு ஐம்பது?" என்று டோரிஸ் சீறினாள்.

கெர்ட்ரூட் அவள் கையைத் தொட்டாள். "தம்பி, நீங்க பார்த்த நேரத்துக்கு இருபது எடுத்துக்குங்க. அது நியாயம். நாங்க ஸ்கிரீன் வாங்கல, சிங்கப்பூருக்கும் நீங்க இன்னும் போன் போடல. மிச்சத்துக்கு என்ன கணக்கு?"

இளைஞன் நானூற்று எண்பதை எண்ணி வைத்தான்.

காரில் ஏறியதும் டோரிஸ் பொருமினாள். "திருடனுங்க அண்ணி."

"அப்படிச் சொல்லாத. தெரிஞ்சுக்கிட்டே ஏமாத்தல. அவங்களுக்கு அவ்வளவுதான் தெரியும், அதுக்கு ஒரு விலை வச்சிருக்காங்க. மாமா, கிள்ளானுக்கு விடுங்க. பாலன்னு ஒருத்தர் இருக்காரு."

* * *

பாலன் அதே ஃபேக்டரியில் டெக்னிஷியனாக இருந்தவர். போன வருடம் ஆட்குறைப்பில் வெளியே வந்து, கிள்ளானில் பூக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் டிவி, மானிட்டர் ரிப்பேர் கடை போட்டிருந்தார். சுவரெங்கும் திறந்த வயிறோடு பெட்டிகள்.

"அக்கா! நீங்களா? வாங்க, வாங்க. இவரு யாரு, மாமாவா? உட்காருங்க அங்கிள்."

லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, அலமாரியிலிருந்து ரெண்டு செத்த லேப்டாப்புகளை இறக்கினார். ஒன்று லோரிக்கு அடியில் போனது, இன்னொன்று வெள்ளத்தில் நனைந்தது. ரெண்டிலும் டோரிஸின் திரைக்குச் சரியான நீளத்தில் டியூப் இருந்தது.

"அடுத்த வாரம் புதுசு வரவழைக்கலாம் அக்கா. திங்கட்கிழமைக்குன்னா இந்த ரெண்டுதான்."

"ரெண்டும் எரியுதான்னு முதல்ல பாத்துடுங்க."

எரிந்தன. முதல் டியூப்பைப் பாலன் கழற்றினார். பேனா ரீஃபில்லைவிட மெல்லிய கண்ணாடிக் குழல். பாதி வெளியே வந்தபோது டிக் என்று ஒரு சத்தம். பாலனின் கையில் ரெண்டு துண்டு.

டோரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சிருங்க அக்கா" என்றார் பாலன். நெற்றியில் வேர்வை. "டிவி பிடிச்சுப் பிடிச்சுக் கை தடிச்சுப்போச்சு. இன்னொண்ணை நான் தொடமாட்டேன். நீங்களே உட்காருங்க."

மரியநாயகம் பதறினார். "ஏம்ப்பா, நீ டெக்னிஷியன். நீ செய்யறதை விட்டுட்டு இவளைப் போய்..."

பாலன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அங்கிள், உங்களுக்குத் தெரியாதா? டெக்னிஷியன் நாங்க கெடுக்கறதையெல்லாம் ஒரு ட்ரேயில போட்டு அக்கா டேபிளுக்குத்தான் அனுப்புவோம். ரீவொர்க். மத்தவங்க கைவிட்டதைச் சரிபண்ற வேலை. நானூறு பேர் ஃபேக்டரியில அதுக்கு ரெண்டே பேரு. ஜப்பான்ல இருந்து பெரிய ஆளு வந்தா முதல்ல அக்கா பின்னால போய் நின்னு கையைத்தான் பாப்பாரு லா!"

மரியநாயகம் மெல்லத் திரும்பினார்.

"வீட்டுல நீ இதைச் சொன்னதே இல்லையேம்மா."

"யாரும் கேக்கல மாமா."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவருக்கு அதிகமாகக் குத்தியது.

கெர்ட்ரூட் வளையல்களைக் கழற்றி டோரிஸிடம் கொடுத்தாள். கை கழுவித் துடைத்தாள். ஃபேனை நிறுத்தச் சொன்னாள், தூசி பறக்கக்கூடாது. கடைக்குள் அனல் இறங்கியது. லேப்டாப்பின் பேட்டரியை எடுத்து வைத்துவிட்டுத் திரையின் சட்டத்தைப் பிரித்தாள். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு தாளில், எது எங்கே இருந்ததோ அதே இடத்தில் வைத்தாள்.

"மாமா, டார்ச்சைக் கொஞ்சம் இடப்பக்கமா பிடிங்க. இன்னும் கீழ. அங்கதான். ஆட்டாதீங்க."

முப்பத்தொரு வருடம் ரயில் கார்டாக இருந்தவர் மரியநாயகம். அவர் கொடி அசைத்தால்தான் வண்டி நகரும். இன்று மருமகள் சொன்ன இடத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நின்றார்.

அவள் விரல்களை இதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. அந்த விரல்கள் பழைய டியூப்பை அதன் தகட்டிலிருந்து இழுக்கவில்லை. அது தானாக வர வழி செய்துவிட்டுக் காத்திருந்தன. வந்தது. ஒரு முனையில் ஒயர் பற்றியிருந்த இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். விழுந்த அன்று உடைந்தது அதுதான். பிறகு மிச்சமிருந்த லேப்டாப்பின் நல்ல டியூப்பையும் அப்படியே எடுத்தாள். சோல்டரிங் முனை ஒரு நொடி தொட்டு விலகியது. மறுமுனையில் இன்னொரு நொடி. ரப்பர் மூடிகளைப் போட்டாள். டியூப் தகட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் போய் உட்கார்ந்தது.

முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. சட்டத்தை மூடி, பேட்டரியைப் போட்டாள்.

"டோரிஸ், நீ ஆன் பண்ணு."

டோரிஸ் அழுத்தினாள். கறுப்பு. இன்னும் கறுப்பு. பிறகு திரை பளிச்சென்று வெளுத்தது. அந்த வெளிச்சம் நாலு பேர் முகத்திலும் விழுந்தது. டோரிஸ் தன் ஷீட்டைத் திறந்தாள்; சிமெண்ட், செங்கல், இரும்புக் கம்பி, ஒரு எண் குறையாமல் வந்து நின்றன.

டோரிஸ் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பாலன் கைதட்டினார். மரியநாயகம் டார்ச்சை அணைக்க மறந்து அப்படியே நின்றார்.

"எவ்வளவுப்பா ஆச்சு?" என்று ஒருவழியாகக் கேட்டார்.

"நல்லா கேட்டீங்க அங்கிள். வேலை பார்த்தது அக்கா, உடைச்சது நான். எனக்கு எதுக்குக் காசு?"

"அப்படி இல்ல பாலன்" என்றாள் கெர்ட்ரூட். "டியூப்புக்கு நாப்பது. மத்தியான நேரத்துல ஃபேனை நிறுத்திக் கடையை எங்களுக்கு விட்டுக் குடுத்தீங்க, அதுக்கு எண்பது. நூத்தியிருபது. இதுதான் சரியான விலை. நீங்க வாங்கலைன்னா அடுத்த தடவை நான் இங்க வர முடியாது."

"அக்கா..."

"கடை வச்சிருக்கீங்க. வீட்டுல பிள்ளைங்க இருக்கு. வாங்குங்க."

மரியநாயகம் நூற்றிருபதை எடுத்துப் பாலனின் சட்டைப் பையில் வைத்தார். "மருமக விலை சொல்லிட்டா. அதுக்கு மேல பேச்சு இல்ல" என்றார்.

* * *

ஆறு மணி பூசைக்கு நேராக மாதா கோவிலுக்கே வந்து சேர்ந்தார்கள். தவக்காலம் என்பதால் நல்ல கூட்டம். பூசை முடிந்து வெளியே வரும்போது, பழைய ரயில்வே சகா சவரிமுத்து வழிமறித்தார்.

"என்ன மரியநாயகம், மகளோட கம்ப்யூட்டர் உடைஞ்சு போச்சுன்னு காலையில மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுப் போனியே? என்ன ஆச்சு?"

"சரியாயிடுச்சு."

"எந்தக் கடையில?"

"கடை செய்யல. என் மருமக செஞ்சா."

சவரிமுத்து கெர்ட்ரூடைப் பார்த்தார். "இவங்க ஆபீஸ் வேலைன்னுல்ல சொன்னே?"

சுற்றிலும் ஆட்கள். பெண் பார்க்க வந்த வீட்டுக்காரர்களின் உறவுகூட ரெண்டு பேர் படியில் நின்றிருந்தார்கள். கெர்ட்ரூட் தலையைக் குனிந்துகொண்டாள். மரியநாயகம் குரலைத் தாழ்த்தவில்லை.

"நான் பொய் சொன்னேன் சவரி. இவ ஆபீஸ் இல்ல. ஆபரேட்டர். பதினாலு வருஷமா லைன்ல உட்கார்ந்து வேலை செய்யறா. மூவாயிரம் கேட்டான் கடைக்காரன். இவ ஒரு சின்ன டார்ச்சை வச்சே கண்டுபிடிச்சா. நானூறு பேர்ல ரெண்டு பேருக்குத்தான் அந்த வேலை தெரியுமாம். அதுல ஒருத்தி என் வீட்டுல இருக்கா. யார் கேட்டாலும் இனி இதைத்தான் சொல்லுவேன்."

கெர்ட்ரூட் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வை என்று யாராவது நினைத்திருக்கலாம்.

சவரிமுத்து தயங்கினார். "சுங்கைவேல ஸ்கிரீனுக்கு லைட் போடற ஃபேக்டரியா? என் தங்கச்சி மக அங்கதான் இருக்கா. நேத்து கடிதம் குடுத்தாங்களாம். ஒரு லைனையே மூடறாங்களாம்."

டோரிஸ் அண்ணியின் கையைப் பற்றினாள். கெர்ட்ரூடின் முகம் வெளுத்தது. "நேத்து நான் லீவு" என்றாள் மெதுவாக.

"மூடட்டுமே" என்றார் மரியநாயகம். "ஃபேக்டரிதானே மூடும்? கை இவகிட்டதானே இருக்கு."

வீட்டு வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றிருந்தது. கெர்ட்ரூடின் லைன் சூப்பர்வைசர் ரமணி படியில் உட்கார்ந்திருந்தாள். அவர்களைக் கண்டதும் எழுந்து, பையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்தாள்.

"உங்க கையிலதான் குடுக்கணும்னாங்க அக்கா. கையெழுத்து வேணும்."

கெர்ட்ரூட் கையெழுத்துப் போட்டாள். உறையைப் பிரிக்கவில்லை. திரும்பி மரியநாயகத்திடம் நீட்டினாள்.

"நீங்க படிங்க மாமா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் விளக்கின் கீழ் போய் நின்றார். முதல் பக்கத்தைப் படித்தார். அவளுடைய லைனைத்தான் மூடுகிறார்கள். தாடை இறுகியது. பக்கத்தைப் புரட்டினார். ரெண்டாவது பக்கத்தைப் பாதி படித்தவர் நிறுத்தி, மேலேயிருந்து மறுபடி தொடங்கினார்.

"ஏம்மா ரமணி, இந்த ரெண்டாவது பக்கம் எல்லாருக்கும் குடுத்தாங்களா?"

ரமணி மறுத்துத் தலையசைத்தாள்.

"இல்ல அங்கிள். அக்காவுக்கு மட்டும்தான்."